உங்க ஆளுதான்

சங்கரன்கோவிலுக்கு நான் அரசாங்கப் பயிற்சிக்குப் போனது எழுபதுகளின் கடைசியில், ஒரு மே மாதத்தில். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர்களில் சிலர் இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டு நல்லபடியாக இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். ஆறு மாதப் பயிற்சி. ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம், நடுவில் விட்டால் எல்லாம் போயிற்று. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மெட்ராஸைத் தாண்டி நான் பார்த்திருந்த ஊர் செங்கல்பட்டு மட்டும்தான்.

முதல் நாள் ஹெட் கிளார்க் முன்னால் போய் நின்றேன். வாசுதேவநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற மனிதர். வாயில் வெற்றிலை இருந்ததால் முகத்தை மேலே தூக்கிக்கொண்டே பேசினார்.

"ஏம்மா, நீங்க என்ன ஆளுக?"

எனக்குப் புரியவில்லை. எங்கள் பேட்டையில் 'யாரு ஆளு' என்று கேட்டால் எந்தக் கட்சி, யாருடைய சிபாரிசு என்று அர்த்தம். நான் பரீட்சை எழுதி வந்தவள். யாருடைய வாசலிலும் போய் நின்றதில்லை. இந்த ஆள் என்னைச் சிபாரிசில் வந்தவள் என்று நினைக்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நான் யாரு ஆளும் இல்ல சார். கவர்ன்மென்ட் ஆளு" என்றேன்.

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். சிரிப்பதற்கு வாய் காலியாக இருக்க வேண்டுமே. அப்புறம் அந்த அறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். "கவர்ன்மென்ட் ஆளாம்வே! கேட்டீரா, நமக்கெல்லாம் இது தெரியாமப் போச்சே" என்றார் பனவடலிசத்திரத்திலிருந்து வருகிற பியூன். அன்றிலிருந்து ஆறு மாதமும் என் பெயர் அதுதான். 'கவர்ன்மென்ட் ஆளைக் கூப்பிடு', 'கவர்ன்மென்ட் ஆளு சாப்பிட்டாச்சா' என்று நாள் முழுக்க நடக்கும்.

அர்த்தத்தை எனக்கு விளக்கியது அந்தப் பியூன்தான். சாயங்காலம் கதவைப் பூட்டும்போது சாவகாசமாகச் சொன்னார். "ஆளுகன்னா சாதிம்மா. இங்கன அப்படித்தான் கேப்பாவ. நீங்க சொல்லணும்னு ஒண்ணும் இல்ல. உங்க ஃபைல்லயே இருக்கு, ஹெட் கிளார்க்கு காலையிலயே பாத்துட்டாரு."

பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். என் வாயிலிருந்து வரவேண்டும், அதுதான் அவருக்கு ருசி. மெட்ராஸில் யாரும் சாதி கேட்பதில்லை என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே கேட்பார்கள். எந்தத் தெரு, எந்தக் கோயில், வீட்டில் என்ன சமையல் என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவார்கள். இங்கே நேராக மூக்கைப் பிடித்தே இழுத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

தங்குவதற்கு இடம் இல்லாததுதான் பெரிய தலைவலி. பள்ளிக்கூட மாணவிகளின் விடுதி கோடை விடுமுறையில் காலியாக இருந்தது. அதன் வார்டன் அம்மா, பள்ளி திறக்கும்வரை ஒரு மூலையில் படுத்துக்கொள்ளச் சொன்னாள். என் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். என்னை அனுப்பவே அவருக்கு விருப்பமில்லை. "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள ஒழுங்கான எடம் கெடைக்கலன்னா பேசாம வந்துடணும். வேல போனா போவட்டும்" என்று சொல்லித்தான் ரயிலேற்றினார். திரும்பிப் போனால் எனக்காக ஒரு மாப்பிள்ளையும் தயாராக இருந்தான். என் வயதைப் போல இரண்டு மடங்கு, தலையில் பாதி வழுக்கை. ஆகவே வீடு கிடைக்காவிட்டால் எனக்கு வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் அந்த வழுக்கை.

ஆபீஸ் விட்டதும் தினமும் வீடு தேடிக் கிளம்புவேன். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். கதவைத் தட்டினால் உள்ளே யாருக்கும் கேட்காது, உரக்கக் கூப்பிட வேண்டும். வருகிறவர்கள் முதலில் நன்றாகத்தான் பேசுவார்கள். மெட்ராஸா, அரசாங்க வேலையா, தனியாவா வந்திருக்க, தைரியசாலிதான் என்று உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்க எழுந்திருப்பார்கள். எழுந்தவர்கள் நடுவழியில் நின்று, "நீங்க என்ன ஆளுக?" என்பார்கள். நான் சொல்வேன். எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று அப்போது ஒரு வீறாப்பு இருந்தது. சொன்னதும் அந்த வீட்டுக்கு அடுத்த வாரம் மகள் பிரசவத்துக்கு வந்துவிடுவாள், அல்லது அந்த அறையில் நெல் மூட்டை அடுக்கப்போவதாக ஞாபகம் வந்துவிடும். தண்ணீர் மட்டும் வரவே வராது. ஒரு வீட்டில் ஒரு பெரிய மனிதர், "உங்க ஆளுகளுக்கு ஊருக்குத் தெக்க காலனி இருக்கே, அங்கன பாக்கலியா?" என்று அக்கறையாகக் கேட்டார். காலனிக்கும் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு குடிசையில் ஏழு பேர் படுத்துக் கிடந்தார்கள், எனக்கு எங்கே இடம் இருக்கும்?

பள்ளி திறக்கப்போகிற வாரம், வடக்கு ரத வீதிக்குப் பின்னால் ஒரு தெருவில் ஓர் அம்மாவின் கதவைத் தட்டினேன். ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகன் ராணுவத்தில் இருந்தான். பெரிய உடம்பு, பெரிய குரல். நெற்றியில் கோயில் புற்று மண்ணைக் கீறியிருந்தாள். பின்கட்டில் ஓர் அறை காலியாக இருப்பதாகக் கடைத்தெருவில் சொல்லியிருந்தார்கள். என் செருப்பு வார் அறுந்து, ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எந்தூரு?"

"மெட்ராஸ்."

"மெட்ராஸ் எல்லாத்துக்கும்தான் ஊரு. என்ன ஆளுக?"

எனக்கு உச்சந்தலை காந்தியது. எவளோ ஒருத்தி, கதவைக்கூட முழுதாகத் திறக்கவில்லை, அதற்குள் கேட்டுவிட்டாள். திட்டிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"உங்க ஆளுதான்! வேற எந்த ஆளு இந்த வெயில்ல உங்க வாசல்ல வந்து நிப்பா?"

நான் குத்திக் காட்டினேன். அவளுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. கதவு அகலத் திறந்தது. முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

"நம்மாளா! அத மொதல்லயே சொல்லப்படாதா மக்கா? மூஞ்சியப் பாத்த ஒடனே நெனச்சேன். நம்ம ஆளுக களை தனியால்லா தெரியும். உள்ள வா தாயி, செருப்பக் கீழ போடு, வா."

சொம்பு நிறைய மோர் வந்தது. நான் குடித்தேன். இன்றுவரை எனக்கு அதில் வருத்தம் கிடையாது. அவள் கேட்ட கேள்விக்கு என்ன மரியாதை உண்டோ அந்த மரியாதையில்தான் பதில் சொன்னேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது அவள் பாடு.

அதற்குப் பிறகு நான் பொய் சொல்ல வேண்டியே வரவில்லை. எல்லாவற்றையும் அவளே கேட்டு அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். "உங்க பூர்வீகம் திருவேங்கடம் பக்கமாத்தான் இருக்கணும். உங்க தாத்தா காலத்துல, மழ தண்ணி இல்லாமப் போனவுகளா இருக்கும். கொலசாமி பேரு கூட மறந்திருப்பிய. மெட்ராஸுக்குப் போனா அப்படித்தான்" என்பாள். நான் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வாரத்தில் என் பரம்பரை முழுவதையும் அவள் கட்டி முடித்துவிட்டாள். தன்னை 'அத்தை' என்று கூப்பிடச் சொன்னாள்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஊருக்கு எழுதிவிட்டேன். 'வீடு கிடைத்துவிட்டது. நல்ல வீடு. யார் என்று கேட்டார்கள், சொன்னேன், கொடுத்தார்கள்' என்று எழுதினேன். எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டதுபோல என் சொந்த அத்தைகள் ஒருத்தியும் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்தபோது கஞ்சி வைத்து ஊட்டினாள், வாந்தியைக் கையால் அள்ளிப் போட்டாள். வெள்ளிக்கிழமை என் தலைக்கு எண்ணெய் வைத்து, பின்னி, கோயில் வாசலில் வாங்கிய பிச்சிப்பூவை வைப்பாள். ஆபீஸில் நாள் முழுக்க நாலு பேர் வாயில் விழுந்து எழுந்து வருகிறவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்! எனக்கு அவளைப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதே கை இன்னொன்றும் செய்யும். மாட்டுக்குப் புல் கொண்டுவருகிற ஒரு பெண் பின்வாசல் சந்தில் வந்து நின்று குரல் கொடுப்பாள். என் வயதுதான் இருக்கும், மாசமாக வேறு இருந்தாள். ஒருநாள் வெயில் தாங்காமல் தொழுவத்து நிழலில் இரண்டடி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். அத்தை துடைப்பத்தின் அடிக்கட்டையால் அவள் தோளில் தட்டித் தட்டி, தொடாமல், சந்துவரைக்கும் நகர்த்திக்கொண்டு போனாள். பிறகு அவள் உட்கார்ந்த இடத்தில் சாணத்தைக் கரைத்துத் தெளித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதுகளுக்குக் கொஞ்சம் எடங் குடுத்தா நடு வீட்டுல வந்து குந்திக்கிடும் மருமவளே."

ஆமாம், அதற்குள் நான் மருமகள் ஆகியிருந்தேன். ராணுவத்துக்காரன் போட்டோவை என் அறைச் சுவரில் அவளே ஆணியடித்து மாட்டிவிட்டுப் போயிருந்தாள். 'லீவுல வாரான், வந்ததும் பேசிருவோம்' என்பாள். நான் சிரித்து மழுப்புவேன். நடு வீட்டில் குந்திக்கொண்டு, அவள் போட்ட தோசையைத் தின்றுகொண்டு, அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். புல்காரியின் முகத்தைப் பார்ப்பதை மட்டும் தவிர்த்துவிடுவேன். பயிற்சி முடிய இன்னும் மூன்று மாதம், அதுவரை இந்தக் கூரை தலைக்கு மேல் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்குக் கணக்கு. ஆபீஸில் டவுனுக்குள் குடியிருந்தவள் நான் ஒருத்திதான், மற்றவர்கள் எல்லாம் சாயங்கால பஸ்ஸில் போய்விடுவார்கள். அதனால்தான் அதுவரை பிழைத்தேன். ஆபீஸ் வேலையாக யாராவது அந்தத் தெருப்பக்கம் சைக்கிளில் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

ஆனால் ஆபத்து ஆபீஸிலிருந்து வரவில்லை.

கோயிலின் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊர் நிறைந்திருந்த வாரம். காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. தபசுக்கு முந்தின நாள் மத்தியானம் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது வீட்டுக்குள் என் அம்மாவின் குரல் கேட்டது. நடையிலேயே நின்றுவிட்டேன். அத்தை பக்கத்து வீட்டு டீச்சரை வைத்து எனக்குத் தெரியாமல் ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கிறாள். திருவிழாவுக்குக் கட்டாயம் வரவேண்டும், நேரில் பேச ஒரு நல்ல காரியம் இருக்கிறது என்று. அம்மாவும் அப்பாவின் ரயில்வே பாஸில் கிளம்பி வந்துவிட்டாள். அத்தையே ஸ்டேஷனுக்குப் போய்க் குதிரை வண்டியில் கூட்டிவந்திருக்கிறாள்.

இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து ஒரே சுளகில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்கள். வெகுநாள் பழகியவர்கள் மாதிரி சிரிப்பு. "வா மருமவளே, திகைச்சுப்போய் நிக்கியா?" என்றாள் அத்தை. நான் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். "இருடி, கை வேலையா இருக்கேன்" என்றாள். இன்னொரு முறை கூப்பிட்டேன். அத்தை குறுக்கே வந்து, "பசிக்கும், மொதல்ல சாப்பிடட்டும், ஒங்க ரகசியத்த பொறகு பேசுங்க" என்று இலை போட்டுவிட்டாள்.

அம்மாவுக்கும் எனக்கும் அடுத்தடுத்து இலை. அவியல், பருப்பு, அப்பளம். அத்தை குனிந்து குனிந்து பரிமாறினாள். "மதினி, கூச்சப்படாதிய, ஒங்க வீடு மாதிரி சாப்பிடுங்க" என்றாள். என் அம்மாவை அதுவரை எங்கள் உறவுக்கு வெளியே யாரும் மதினி என்று கூப்பிட்டதில்லை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"ஒங்க மனசு யாருக்கும்மா வரும்? பொண்ணு எழுதிச்சு, நாங்க இன்னாருன்னு சொன்னதும் வீடு குடுத்துட்டாங்கன்னு. நான் நம்பவே இல்ல. இங்க வந்து பாத்தா கூட ஒக்காத்தி வச்சு சோறு போடுறீங்க. எங்கள மாதிரி ஜனத்த..."

இந்த இடத்தில் எங்கள் சாதியின் பெயரைச் சொன்னாள். தெருப் பெயரைச் சொல்வதுபோல, சாதாரணமாக. அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், படிக்கிற நீங்களும் 'ஓ, அதுவா' என்று ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் மேலே போவீர்கள்.

"...எங்க ஊர்ல நடையில கூட நிக்க வுட மாட்டாங்க. நீங்க தெய்வம்மா" என்று முடித்துவிட்டு, கவளத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

அத்தை கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அதை மெதுவாகச் சட்டிக்குள் வைத்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கத்துவாள், மயிரைப் பிடித்து இழுத்துப் போடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், வாயில் தயாராக இருந்தது. அவள் நேராகப் பின்கட்டுக்குப் போனாள். கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டது. கட்டின சேலையோடு, தலையில் பூவோடு, வாளி வாளியாக உச்சியில் ஊற்றிக்கொண்டாள். ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அம்மா பதறிப்போய் எழுந்தாள். "என்னாடி இது, சாப்பாட்டு நேரத்துல தலைக்கு ஊத்திக்கிறாங்க? ஏதாவது சாவு சேதி வந்துச்சா?" என்று எச்சில் கையோடு பின்வாசலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

அத்தை முற்றத்தில் நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"என்னம்மா, யாரு? யாருக்கு என்னா ஆச்சு?" என்றாள் அம்மா.

"எம் மருமவ செத்துப்போனா" என்றாள் அத்தை. என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஐயோ, எந்த மருமவம்மா? என்னா வயசு?"

"இருவத்திரண்டு."

"அட பாவமே! கொழந்த மாதிரி வயசும்மா!" என்று அம்மா தன் வாயில் அடித்துக்கொண்டாள். கையை நீட்டி அவளைக் கட்டிப்பிடிக்கப் போனாள். அத்தை விருட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"தொடாதிய. தீட்டு."

"ஆமாமா, தீட்டு, தீட்டு" என்று அம்மா மரியாதையாக ஒதுங்கிக்கொண்டாள்.

அத்தைக்கு அதில் ஒரு நொடி உதடு துடித்தது. அழுகையா, சிரிப்பா, எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே மகன், கல்யாணம் ஆகாதவன், மருமகள் எங்கிருந்து வந்தாள் என்று கேட்க அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. சாவு என்று கேட்டால் அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்.

என்னைக் காலி செய்யச் சொன்னதும் அம்மாதான். அத்தை அதற்காக ஒரு வார்த்தையும் செலவழிக்கவில்லை. "சாவு விழுந்த வூட்ல அடுப்பெரியாது, நாலு சனம் வந்து போவும். நாம இருந்து அவங்களுக்குப் பாரமா? துணிமணிய எடு, கொஞ்ச நாள் வேற எங்கயாவது இருந்துக்க" என்று அவளே என் பெட்டியைக் கட்டினாள். சுவரில் இருந்த ராணுவத்துக்காரனைப் பார்த்து, "இவரு சம்சாரமா? ஐயோ பாவம்" என்றாள். நாங்கள் சாப்பிட்ட இலைகளை நானே எடுத்துக்கொண்டுபோய்ச் சந்தில் போட்டேன். அதுவரை ஒருநாளும் அவள் என்னை இலை எடுக்க விட்டதில்லை.

நடையில் நான் திரும்பி, போய்வருகிறேன் என்றோ வேறு எதையோ சொல்ல நின்றேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "சாவு வூட்ல சொல்லிக்கக் கூடாது. பேசாம வா." அப்படியே பேசாமல் வந்துவிட்டேன். அத்தை ஈரச் சேலையோடு நின்றுகொண்டிருந்தாள், துவட்டிக்கொள்ளவில்லை.

சாயங்கால ரயிலுக்கு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம். அம்மா என்னையும் கூடவே ஊருக்கு வந்துவிடச் சொன்னாள். லீவு கிடையாது, கூட வேலை பார்க்கிற ஒருத்தி வீட்டில் இருந்துகொள்கிறேன் என்றேன். அப்படி ஒருத்தியும் கிடையாது. அன்றைக்கு ஸ்டேஷனில் பெண்கள் தங்கும் அறையில்தான் படுத்தேன். மறுநாள் திருநெல்வேலியில் ஒரு பெண்கள் விடுதியைப் பிடித்து, மீதி மூன்று மாதமும் அங்கிருந்து பஸ்ஸில் வந்து பயிற்சியை முடித்தேன். நடந்ததை அம்மாவிடம் சொல்லவே இல்லை. சொன்னால், தான் சொன்ன நன்றிதான் மகளைத் தெருவில் நிறுத்தியது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதை அவள் தாங்கமாட்டாள்.

ரயில் வருகிறவரை அம்மா அந்தச் சாவையே பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ண நீ பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"எப்படி? நல்ல மாதிரியா?"

"வாய் கொஞ்சம் அதிகம்."

"வாய் இருந்தா என்னா? வாழ வேண்டிய வயசு." முந்தானையில் கண்ணைத் துடைத்தாள். முன்பின் பார்க்காத ஒரு பெண்ணுக்காக என் அம்மா அந்தப் பிளாட்பாரத்தில் நிஜமாகவே அழுதாள்.

ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "காரியத்துக்கு நான் வர முடியாது. நீ போயி நின்னு, கூடமாட எல்லா வேலையும் செய்யணும், என்னா? அவங்களத் தனியா வுட்றாத. நமக்கு வீடு குடுத்தவங்க."

ரயில் நகர்ந்தது. சரிம்மா என்றேன்.